சிங்கப்பூர் க்ரூஸ்: டிராலி ஒன்று போதுமா, பெரிய சூட்கேஸ் வேண்டுமா?

விமான டிக்கெட், ஹோட்டல், கப்பல் மூன்றும் பதிவாகிவிட்டன. அடுத்து வீட்டில் கிளம்பும் விவாதம் பெட்டியைப் பற்றியது. ஆளுக்கு ஒன்றா, குடும்பத்துக்கே ஒரு பெரியதா, கையில் இழுக்கும் டிராலியோடு முடித்துக்கொள்ளலாமா? சென்னை, திருச்சி, கோவையிலிருந்து சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுகிறவர்களுக்கு இதில் சிக்கல் கொஞ்சம் அதிகம். ஒரே பெட்டி விமானத்தின் எடைக் கணக்கில் தேற வேண்டும், டாக்ஸி டிக்கியில் அடங்க வேண்டும், கப்பல் டெர்மினலின் ஸ்கேனரைத் தாண்ட வேண்டும், கடைசியில் கேபின் கட்டிலுக்கு அடியிலும் நுழைய வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது: இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள். சிங்கப்பூரில் 2 இரவு, பினாங்கு, புக்கெட் போய்வரும் கப்பலில் 4 இரவு, திரும்பி வந்து இன்னும் 1 இரவு. கப்பலில் 3 இரவோ 5 இரவோ ஆனாலும் முடிவு பெரிதாக மாறாது.

## எதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்

விமான எடை. இண்டிகோவில் கையோடு 7 கிலோ டிராலி ஒன்று, அதோடு 3 கிலோவுக்குள் ஒரு கைப்பை அல்லது லேப்டாப் பை. சிங்கப்பூரின் ஸ்கூட் விமானத்தில் சாதாரண வகுப்பில் கையோடு மொத்தம் 10 கிலோ. அடிப்படைக் கட்டணத்தில் செக்-இன் எடை சேராது, தனியாக வாங்க வேண்டும். செக்-இன் அளவு டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். உங்கள் டிக்கெட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கும் எடைக்கும் கவுன்டரில் வாங்கும் எடைக்கும் விலையில் நிறைய வித்தியாசம் உண்டு.

கப்பல் ஏறும் நாளின் பிற்பகல். டெர்மினல் வாசலில் பெரிய பெட்டியை ஒப்படைத்தால் அது நேராக உங்களோடு வராது. ஸ்கேனரைத் தாண்டி, தளம் தளமாகப் பிரிக்கப்பட்டு, உங்கள் கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகும். சில சமயம் இரவுச் சாப்பாடு முடிந்து வரும்போதுதான் நிற்கும். மதியமே கப்பல் ஏறிவிட்ட குழந்தைகள் நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கப்போவதில்லை. அவர்களுடைய நீச்சலுடை அந்த நேரத்தில் எந்தப் பையில் இருக்கிறது என்பது முக்கியம்.

இறங்கும் நாளின் காலை. முந்தைய நாள் இரவே பெட்டியை டேக் கட்டிக் கேபின் வாசலுக்கு வெளியே வைத்துவிடலாம். காலையில் டெர்மினல் கூடத்தில் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உங்கள் பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கலாம். இரண்டாவது வழி பெட்டி சிறியதாக இருந்தால்தான் நடக்கும்.

கேபின். ஜன்னல் இல்லாத உள்பக்க கேபின் என்றால் சுமார் 15 சதுர மீட்டர், அதாவது 160 சதுர அடி. அதற்குள்ளேயே கட்டில், குளியலறை, அலமாரி, சோபா எல்லாம். நான்கு பேர் தங்கினால் இரண்டு படுக்கைகள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். தரையில் பெட்டியைத் திறந்து போட இடம் கிடையாது. பிரித்து அடுக்கிவிட்டுக் காலிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ள வேண்டும். துணிப் பெட்டி என்றால் கொஞ்சம் அமுங்கிப் போகும். கடினமான பாலிகார்பனேட் பெட்டி அமுங்காது.

துவைப்பது. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் கவனிக்காதது இதைத்தான். ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்களில் நாமே துவைத்துக்கொள்ளும் இயந்திரம் கிடையாது. ஒரு பை நிறையத் துணிக்கு ஒரே கட்டணம் என்ற சலுகை நீண்ட பயணங்களின் நடுவில் வருவது. 4 இரவுப் பயணத்தில் அதை எதிர்பார்த்துக் கிளம்பக் கூடாது. தனித்தனியாகக் கொடுத்தால் ஒரு சட்டைக்கே சில அமெரிக்க டாலர். மறுபக்கம், சிங்கப்பூரில் காசு போட்டுத் துவைக்கும் கடைகள் பல இடங்களில் உண்டு. துவைத்து உலர்த்தி எடுக்க 10–12 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வாக்கில் ஆகும். ஆக, இயந்திரத்தில் துவைக்கிற வேலையைக் கப்பலில் வைத்துக்கொள்ளாமல் கரையிலேயே முடித்துவிட வேண்டும்.

உடை விதி. எல்லோரும் விழா உடையில் சாப்பிட வரும் அலங்கார இரவு (ஃபார்மல் நைட்), இவ்வளவு சிறிய பயணத்தில் பெரும்பாலும் ஒன்றுதான். மற்ற இரவுகளில் முழுக்கால் பேன்ட், காலர் வைத்த சட்டை, ஒரு நல்ல குர்தி இருந்தால் பெரிய உணவகத்துக்குப் போதும். அலங்கார இரவில் உடுத்திக்கொள்ள விருப்பமில்லையா, பஃபே உணவகம் திறந்தே இருக்கும். யாரும் கேட்க மாட்டார்கள். கோட் சூட்டுக்குப் பதில் வேட்டி சட்டை தாராளமாகச் செல்லும். எடையிலும் லாபம்: சூட்டும் தோல் ஷூவும் சேர்ந்து இரண்டரை கிலோவைத் தொடும், வேட்டியும் சட்டையும் 600 கிராமில் முடிந்துவிடும், கீழே சாதாரணச் செருப்பே போதும். மேல்தளத்தில் காற்று பலமாக இருக்கும் என்பதால் ஒட்டிக்கோ வேட்டி உத்தமம்.

## முதல் வழி: ஆளுக்கு ஒரு டிராலி, செக்-இன் எதுவும் இல்லை

'ஏழு கிலோவில் ஏழு நாளா' என்று மலைப்பவர்கள் முதலில் சமையலறைத் தராசை எடுத்து வையுங்கள். துணியின் எடையைக் கண்ணால் மதிப்பிடும்போது எல்லோரும் தவறு செய்கிறோம். ஒரு ஜீன்ஸ் 600 முதல் 800 கிராம். ஒரு டி-ஷர்ட் 150 முதல் 200. நல்ல காஞ்சிபுரம் பட்டு 700–900 கிராம், கனமான ஜரிகை என்றால் ஒரு கிலோவையும் தாண்டும். அதே இடத்தில் ஒரு ஷிஃபான் 350-தான். பெண் ஒருவரின் 7 நாள் மூட்டை ஏறக்குறைய இப்படி வரும்:

| பொருள் | எடை (கிராம்) |
|---|---|
| குர்தி 2 | 450 |
| பேன்ட் அல்லது லெக்கிங்ஸ் 2 | 500 |
| மெல்லிய புடவை 1, ரவிக்கை, உள்பாவாடையோடு | 650 |
| முழுக்கை லைக்ரா நீச்சலுடை 2 | 700 |
| இரவு உடை 1 | 350 |
| உள்ளாடை 5 செட் | 300 |
| சால்வை அல்லது மெல்லிய ஸ்வெட்டர் | 300 |
| மாற்றுச் செருப்பு | 350 |
| குளியல், ஒப்பனைப் பொருட்கள் | 600 |
| சார்ஜர், வயர், பவர் பேங்க் | 400 |
| மருந்து | 300 |

மொத்தம் 4,900 கிராம். 2.3 கிலோ எடையுள்ள டிராலியில் வைத்தால் 7.2 கிலோ, கவுன்டரில் பிடிபடும். சார்ஜரையும் மருந்தையும் தோள்பைக்கு மாற்றினால் 6.5 கிலோ. உடுத்திக்கொண்டு போகும் ஒரு செட்டும் காலில் போட்டிருக்கும் ஷூவும் இந்தக் கணக்கில் வராது. கனமான பேன்டையும் ஷூவையும் உடம்பில் போட்டுக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

காலி டிராலியின் எடையை முதலில் பாருங்கள். சக்கரம், கைப்பிடி, கடின ஓடு எல்லாம் சேர்ந்து சில டிராலிகள் காலியாகவே மூன்று கிலோ இருக்கும். ஏழில் மூன்று போனால் மீதி நான்குதான். இந்த வழிக்கு 2 கிலோவைச் சுற்றியுள்ள துணி டிராலிதான் சரி.

நீச்சலுடை இரண்டு என்பதில் கை வைக்காதீர்கள். ஒன்று காய்வதற்குள் குழந்தைகள் மறுபடி இறங்குவார்கள். சாதாரணப் பருத்தி டி-ஷர்ட்டோடு குளத்தில் இறங்க விடாமல் போகலாம், அது காயவும் காயாது. மீதித் துணியைக் கையால் துவைத்துக்கொள்ளலாம். குளியலறையில் இழுத்துக் கட்டும் கொடி இருக்கும். பிழிந்த துணியைக் காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்து, பிறகு கொடியில் போட்டால் மெல்லிய செயற்கை இழைத் துணி காலைக்குள் காய்ந்துவிடும். ஜீன்ஸும் கனத்த பருத்தியும் அடுத்த நாளும் ஈரமாகவே இருக்கும்.

மறைமுகச் செலவு எங்கே? திரும்பும்போதுதான். சிங்கப்பூரின் பெரிய கடையான முஸ்தபா சென்டருக்குள் நுழைந்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவர்கள் குறைவு. திரும்பும் டிக்கெட்டுக்கு மட்டும் 20 கிலோ செக்-இன் வாங்கி, மடித்து வைக்கும் டஃபிள் பை ஒன்றை டிராலியின் அடியில் போட்டுக்கொண்டால் அது தீரும். போக வர இரண்டு பக்கமும் வாங்குவதில் பாதிதான் செலவு. 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கையோடு போகாது என்பதும் நினைவிருக்கட்டும். அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு இங்கே இடமில்லை. சிறிய குப்பியில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தம்பதியாகப் போகிறவர்களுக்கும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் இதுதான் சிறந்த வழி. டிராலியை உங்களோடே கப்பலுக்குள் இழுத்துச் செல்லலாம், மாலை வரை காத்திருக்க வேண்டாம், கடைசி நாள் காலையில் முதல் ஆளாக இறங்கலாம். கைக்குழந்தை இருந்தால் வேண்டாம்.

## இரண்டாம் வழி: ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி

24 அங்குலப் பெட்டி, 15 கிலோவுக்குள். பெரும்பாலானோர் யோசிக்காமல் தேர்ந்தெடுப்பது இதைத்தான். விமானத்தில் சிக்கல் இல்லை. கேபினிலும் இரண்டு பேருக்கு இரண்டு பெட்டி கட்டிலுக்கடியில் போய்விடும்.

நான்கு பேர் என்றால்தான் கணக்கு உதைக்கும். சிங்கப்பூரின் சாதாரண டாக்ஸியில் நான்கு பேர் உட்காரலாம், ஆனால் அதன் டிக்கியில் நான்கு 24 அங்குலப் பெட்டி ஏறாது. இரண்டு டாக்ஸி பிடிக்க வேண்டும், அல்லது ஆறு இருக்கை வண்டி. விமான நிலையத்திலிருந்து ஹோட்டல், ஹோட்டலிலிருந்து டெர்மினல், டெர்மினலிலிருந்து ஹோட்டல், மறுபடி விமான நிலையம் என்று நான்கு முறை இது நடக்கும். மரினா பே க்ரூஸ் சென்டருக்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். டிராலி உள்ளவர்களுக்கு அது சுகம். நான்கு சூட்கேஸோடு எஸ்கலேட்டரில் ஏறி இறங்குவது அப்படி இல்லை. (சிங்கப்பூரில் கப்பல் டெர்மினல் இரண்டு இருக்கிறது, மற்றொன்று ஹார்பர்ஃபிரன்ட்டில். டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.)

இந்த வழியின் உண்மையான பிரச்சினை இடம் மிஞ்சிப்போவது. பெட்டியில் காலி இடம் இருந்தால் கை சும்மா இருக்காது. 'இருக்கட்டும், எதற்கும்' என்று இரண்டாவது ஜீன்ஸ், மூன்றாவது செருப்பு, படிக்காத தடிப் புத்தகம் எல்லாம் உள்ளே போகும். 20 அங்குலத்தில் அடங்குகிற துணிதான், 24 அங்குலப் பெட்டியில் ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் பைகளும் இதே வேலையைத்தான் செய்யும்: இடம் குறையும், எடை குறையாது. 15 கிலோ எல்லைக்குள் இன்னும் துணியைத் திணிக்கத் தூண்டும். திரும்பும்போது அந்தப் பையிலிருந்து காற்றை உறிஞ்ச ஹோட்டலில் இயந்திரமும் இருக்காது.

முதியவர்கள் கூட வருகிறார்களா? அவர்களுக்கு மட்டும் இந்த அளவு பெட்டி எடுத்துக்கொள்ளலாம். கப்பல் ஊழியர்கள் கேபின் வாசல் வரை சுமந்து தருவார்கள், அவர்கள் எதையும் இழுக்க வேண்டியதில்லை. கைத்துவைப்பும் அவர்களுக்குச் சரிவராது.

## மூன்றாம் வழி: குடும்பத்துக்கு ஒரே பெரிய பெட்டி

28 அல்லது 29 அங்குலப் பெட்டி ஒன்று, அதோடு ஆளுக்கொரு முதுகுப்பை. டாக்ஸியில் ஏறும், தேடுவதற்கும் ஒரே பெட்டி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

காலிப் பெட்டியே 4.5 முதல் 5.5 கிலோ. நான்கு பேரின் துணியை அடைத்தால் 25 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். டிக்கெட்டில் நான்கு பேருக்கும் சேர்த்து எவ்வளவு எடை அனுமதி இருந்தாலும், ஒரு தனிப் பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது விமான நிலையங்களில் சுமப்பவர்களின் பாதுகாப்புக்காக உள்ள விதி. மீறினால் கவுன்டர் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, எல்லோர் முன்னிலையிலும் இன்னொரு பையில் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

கப்பலில் இன்னொன்று. அந்த ஒரு பெட்டி வர இரவாகிவிட்டால் நான்கு பேருக்கும் மாற்றுத்துணி இல்லை. வழியில் சக்கரம் உடைந்தாலோ பெட்டி வேறு விமானத்தில் போய்விட்டாலோ நால்வருக்கும் சேர்த்தே சிக்கல். கட்டிலுக்கடியில் போனால் சரி. கடின ஓடு கொண்ட 29 அங்குலப் பெட்டி போகாமல் மாட்டிக்கொண்டால், கேபினில் காலை எடுத்து வைக்கும் இடமெல்லாம் அதுதான்.

ஒரே ஒரு நிலையில் இதைப் பரிந்துரைக்கலாம்: டயப்பர் வயதில் குழந்தை இருக்கும்போது. நாளைக்கு ஆறு டயப்பர் என்றால் 7 நாளுக்கு 42. எடை ஒன்றரை கிலோதான், ஆனால் பருமன் ஒரு டிராலியையே விழுங்கிவிடும். கப்பல் கடையில் தேடினால் அளவும் கிடைக்காது, விலையும் கட்டாது. போகும்போது டயப்பர் நிறைக்கும் அந்த இடம், திரும்பும்போது வாங்கிய பொருளுக்குக் காலியாகிவிடும். குழந்தையை நீச்சல் குளத்தில் இறக்கலாம் என்று நீச்சல் டயப்பர் மூட்டையாக வாங்கிவிடாதீர்கள். கழிப்பறைப் பழக்கம் வராத குழந்தைகளைப் பெரிய குளங்களில் நீச்சல் டயப்பரோடும் விடுவதில்லை. ராயல் கரீபியனில் அதற்கென்று வைத்திருக்கும் குழந்தைகள் பகுதியில் மட்டும்தான்.

## நான்காம் வழி: கரைப் பை, கப்பல் பை

பலரும் இதை ஒரு வழியாகவே நினைப்பதில்லை. கப்பலுக்கு முன்னும் பின்னும் ஒரே ஹோட்டலில் தங்குகிறீர்கள் என்றால், கரையில் தேவைப்படுவதை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலுக்குத் தேவையானதை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம். திரும்பி வந்து தங்கப்போகும் விருந்தினரின் பெட்டியைப் பெரும்பாலான ஹோட்டல்கள் கட்டணமின்றி வைத்திருக்கும். பதிவு செய்யும்போதே, 'நான்கு இரவு பெட்டி வைத்துக்கொள்ள முடியுமா' என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய விடுதிகள் நாள்கணக்கில் காசு கேட்கலாம். சாங்கி விமான நிலையத்திலும் பெட்டி வைக்கும் கவுன்டர்கள் உண்டு. அங்கே பெட்டிக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் ஏறும்.

குடும்பத்துக்கு ஒரு 24 அங்குலப் பெட்டி கரையில் நிற்கும். ஆளுக்கொரு டிராலி அல்லது முதுகுப்பை கப்பல் ஏறும். கரைப் பெட்டிக்குள் போவன: திரும்பும் நாளுக்கான துணி, விமானத்தில் வரும்போது போட்ட ஜீன்ஸ், முஸ்தபாவில் வாங்கியவை, அழுக்குத் துணி. கப்பல் பைக்குள் 4 இரவுக்கானது மட்டும். அப்போது அது 5 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

தவறு எங்கே நடக்கும் என்றால் பிரிக்கும் இரவில்தான். அலுப்பில் எல்லாவற்றையும் அள்ளிப் போடும்போது தினசரி மாத்திரை கரைப் பெட்டிக்குள் போய்விடும். பாஸ்போர்ட்டும் அப்படியே. பினாங்கு மலேசியாவிலும் புக்கெட் தாய்லாந்திலும் இருப்பதால் பாஸ்போர்ட் இல்லாமல் கப்பலே ஏற முடியாது. வீட்டிலேயே இரண்டு நிறப் பைகளில் பிரித்துக்கொண்டு கிளம்பினால் அந்தக் குழப்பம் வராது. நகை, ரொக்கம், கேமரா எதையும் கரைப் பெட்டியில் விடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடைக்குப் போகும் எண்ணம் உள்ள குடும்பங்களுக்கு நான்கில் இதுவே முதலிடம். கப்பலிலிருந்து இறங்கியதும் அன்றே விமானம் ஏறுகிறவர்களுக்கும், போகும்போது ஒரு ஹோட்டல், திரும்பும்போது வேறு ஹோட்டல் என்பவர்களுக்கும் ஆகாது.

## பக்கம் பக்கமாக

| | டிராலி மட்டும் | ஆளுக்கு 24 அங்குலம் | ஒரே 28–29 அங்குலம் | கரை–கப்பல் பிரிப்பு |
|---|---|---|---|---|
| விமானச் செலவு | போகும்போது இல்லை | டிக்கெட்டைப் பொறுத்தது | 32 கிலோ எல்லை தடுக்கும் | ஒரு செக்-இன் பெட்டி |
| நான்கு பேர், ஒரு டாக்ஸி | ஏறும் | ஏறாது | ஏறும் | பெரும்பாலும் ஏறும் |
| ஏறிய உடனே துணி | கையிலேயே | மாலை அல்லது இரவு | மாலை அல்லது இரவு | கையிலேயே |
| கேபின் இடம் | தாராளம் | நால்வருக்கு நெருக்கடி | மாட்டிக்கொள்ளலாம் | தாராளம் |
| துவைக்க வேண்டுமா | ஆம் | தேவையில்லை | தேவையில்லை | கரையில் ஒரு முறை |
| கடைப் பொருளுக்கு இடம் | தனிப்பை வேண்டும் | கொஞ்சம் | குழந்தை இருந்தால் மட்டும் | உண்டு |
| யாருக்கு | தம்பதி, பெரிய பிள்ளைகள் | முதியவர்கள் | கைக்குழந்தை | முஸ்தபா போகும் குடும்பம் |

## எந்தப் பெட்டியானாலும் வீட்டிலேயே விட வேண்டியவை

பெட்டி கேபினுக்கு வராமல் பாதுகாப்பு அறையில் நிறுத்தப்பட்டால், உள்ளே பெரும்பாலும் சூடாகும் பொருள் ஒன்று இருக்கும். இஸ்திரிப் பெட்டி, எலக்ட்ரிக் கெட்டில், சிறிய ரைஸ் குக்கர் மூன்றும் எடுத்துப்போகக் கூடாது. பூஜைக்கென்று வைக்கும் கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டி, சிறு விளக்கும் அப்படியே. கற்பூரமும் தீப்பெட்டியும் விமானத்திலேயே ஏறாது. நடுக்கடலில் தீயைவிடக் கப்பல்காரர்கள் அஞ்சுவது வேறெதுவும் இல்லை. 2006-இல் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனியில் பிடித்த தீ கேபின் கேபினாகப் பரவியது. அணைக்காமல் வீசிய சிகரெட் துண்டுதான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது.

எக்ஸ்டென்ஷன் போர்டும் அதே பட்டியல்தான். குறிப்பாக மின்அழுத்தப் பாதுகாப்பு உள்ள பலகை கப்பலின் மின் அமைப்போடு ஒத்துப்போகாது, சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். அதற்குப் பதில் நான்கு யுஎஸ்பி துளை உள்ள சார்ஜர் ஒன்று போதும். கப்பல் கேபின்களில் பொதுவாக அமெரிக்க வகைத் தட்டைத் துளையும் ஐரோப்பிய வகை இரட்டை உருண்டைத் துளையும் இருக்கும். நம் ஊர் இரண்டு முள் போன் சார்ஜர் இரண்டாவதில் நேராகவே பொருந்தும். மூன்று முள் பொருந்தாது. சிங்கப்பூர் ஹோட்டலுக்கு மட்டும் சதுர மூன்று முள் அடாப்டர் ஒன்று வேண்டும். அமெரிக்கத் துளையில் 110 வோல்ட் வரும். 220 வோல்ட்டுக்கு மட்டும் செய்த ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் அதில் சூடேறாது. கேபினில் ஹேர் டிரையர் இருக்கும், துண்டு, சோப்பு, ஷாம்பூவும் தருவார்கள். கடற்கரைக்கும் குளத்துக்கும் துண்டு கப்பலிலேயே வாங்கிக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்க மறந்தால் மட்டும் பில்லில் ஏறும்.

சாப்பாட்டு மூட்டை தனிக் கதை. கப்பலில் சாப்பாடு எப்படியிருக்குமோ என்ற பயத்தில் ஆளுக்கு இரண்டு கிலோ ஏறுவது இங்கேதான். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் இந்தியச் சைவ உணவு வழக்கமாகவே உண்டு. ஜைன உணவு வேண்டுமானால் முன்பதிவில் சொல்லிவிடலாம். வீட்டில் சமைத்ததைக் கப்பலுக்குள் விட மாட்டார்கள். கடையில் சீல் வைத்த முறுக்கு, பிஸ்கட் பரவாயில்லை. ஆனால் வீட்டில் அரைத்த குருமாப் பொடியை எடுத்துப்போகாதீர்கள். அதில் கசகசா இருக்கக்கூடும். கசகசாவில் மார்ஃபின் இருக்கலாம் என்பதால் அனுமதியின்றிச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரக் கூடாத பொருள் அது. சூயிங்கம், மின்சிகரெட் இரண்டும் வேண்டாம். இட்லிப் பொடி சின்ன டப்பா ஒன்று, ஊறுகாய் பாக்கெட் நான்கு. அதற்கு மேல் எடுத்துப்போனதெல்லாம் பிரிக்காமலே திரும்பி வரும்.

மருந்தை மட்டும் குறைக்காதீர்கள். 7 நாளுக்கு வேண்டியதோடு இரண்டு நாளுக்குக் கூடுதலாக, அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு. தூக்க மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் சிங்கப்பூரில் முன் அனுமதி கேட்கும் வகையில் வரலாம். கிளம்பும் முன் அவர்களுடைய சுகாதார அறிவியல் ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் குமட்டலுக்கு மருத்துவரிடம் கேட்டு ஒரு அட்டை. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல.

எடையே இல்லாமல் உதவுவது இரண்டு. கேபின் சுவர் பெரும்பாலும் எஃகு என்பதால் காந்தக் கொக்கி நாலு போதும், ஈரத்துணி, தொப்பி, பை எல்லாம் தொங்கும். மற்றொன்று நல்ல பட்டை வைத்த செருப்பு. புக்கெட்டில் கப்பல் பாதோங் கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகில் மிதக்கும் தளத்தில் இறக்குவார்கள். ஹவாய்ச் செருப்பு அங்கே வழுக்கும். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் துறையிலேயே அணையும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். அங்கேயும் இதே செருப்பு போதும். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை ஒரு செட் இருந்தால் அந்தக் கோயிலுக்கும் புக்கெட்டின் வாட் சாலோங்குக்கும் சேர்த்து ஆயிற்று.

## கடைசி இரவு

பெட்டியை வாசலுக்கு வெளியே வைக்கிறவர்கள் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்; அறிவிப்புத் தாளில் இருக்கும், பெரும்பாலும் நள்ளிரவுக்கு முன். அதற்குள் மறுநாள் காலை உடுத்தும் துணி, செருப்பு, பாஸ்போர்ட், மருந்து, பல் துலக்கும் பிரஷ் ஐந்தையும் வெளியே எடுத்து வையுங்கள். பெட்டி போனபின் 'என் பேன்ட் எங்கே' என்று கேட்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பார்கள். அவர்களுக்கு மிஞ்சுவது இரவு உடையும் வரவேற்பு மேசையும்தான். காலையில் டெர்மினல் கூடத்தில் பெட்டிகள் டேக் நிறப்படி வரிசையாக நிற்கும், பாதிக்கு மேல் கறுப்பு. கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பனோ பழைய துப்பட்டாவின் கரையோ கட்டிவிட்டால் நிமிடத்தில் கிடைக்கும். ஈர நீச்சலுடையை ஜிப் பையில் தனியாகப் போட்டு, அதைக் கரைப் பெட்டிக்குள் கடைசியாகத் திணிக்காமல் ஹோட்டல் அறைக்குப் போனதும் முதலில் வெளியே எடுங்கள்.